மாயா ஏஞ்சலோவோட மூணாவது சுயசரிதை: மேடையும் மகனும் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் அவங்களோட முதல் புத்தகத்தோட நின்னுடுது, அதுக்கு மேல போனவங்க கம்மி. மூணாவது புத்தகம் வரைக்கும் வந்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களோடதான் வர்றாங்க, அதுல முக்கால்வாசி "பிள்ளைய விட்டுட்டு போயிட்டாங்களே" அப்டீங்கற இடத்துலதான் வந்து முட்டுது. எங்க வாசிப்புக் குழுவுலயும் வெளியிலயும் திரும்பத் திரும்ப காதுல விழுந்த கேள்விகள, கேட்டவங்க கேட்ட மாதிரியே வச்சு, எனக்குத் தெரிஞ்ச பதில எழுதிருக்கேன். கதை முழுக்க வரும், முடிவும் வரும்.

இது எந்த புக்குங்க? அவங்க ஒரு சுயசரிதைதானே எழுதினாங்க?

இல்லைங்க, மொத்தம் ஏழு. எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த கூண்டுப் பறவை புத்தகம் 1969ல வந்தது, ரெண்டாவது 1974, நாம பேசப்போற மூணாவது 1976. பேரு 'சிங்கின் அண்ட் ஸ்விங்கின் அண்ட் கெட்டின் மெர்ரி லைக் கிறிஸ்மஸ்'. கடைசி புத்தகம் 2013ல, அதுக்கு அடுத்த வருஷம் அவங்க காலமாயிட்டாங்க.

இந்த மூணாவதுல வர்றது கிட்டத்தட்ட 1949ல இருந்து 1955 வரைக்கும், அதாவது அவங்களோட இருபதுகள். ஒரு கறுப்பினப் பொண்ணு, கையில சின்னப் பையன், கல்யாணம் பண்ணி அது உடைஞ்சு, ஆட்டம் பாட்டுன்னு தொழிலுக்குள்ள வந்து ஐரோப்பா வரைக்கும் போயி திரும்பி வர்ற கதை. என்னைக் கேட்டா ஏழுல இதுதான் ரொம்ப நேர்மையான புத்தகம்.

முதல் ரெண்டு படிக்காம நேரா இதுக்கு வரலாமா?

வரலாம், ஆனா மூணு விஷயம் தெரிஞ்சுட்டு வாங்க. ஒண்ணு, மாயா 1928ல செயின்ட் லூயிஸ்ல பொறந்தவங்க, அப்பா அம்மா பிரிஞ்சதும் மூணு வயசுல அவங்களையும் நாலு வயசு அண்ணன் பெய்லியையும் கையில அட்டை கட்டி ரயில்ல ஏத்தி, ஆர்கன்சாஸ்ல ஸ்டாம்ப்ஸ்ங்கற ஊர்ல இருந்த அப்பாவழிப் பாட்டி ஆனி ஹெண்டர்சன்கிட்ட அனுப்பிட்டாங்க. கூட பெரியவங்க யாரும் போகல. ரெண்டு, 1945ல ஹைஸ்கூல் முடிச்ச கொஞ்ச நாள்லயே அவங்களுக்கு மகன் பொறந்தான், பேரு க்ளைட்.

மூணாவது, ரெண்டாவது புத்தகத்துல வர்றது. வேலைக்குப் போறதுக்காக ஒரு அம்மாகிட்ட பிள்ளைய விட்டுட்டு போறாங்க, அந்த அம்மா பிள்ளையத் தூக்கிட்டு பேக்கர்ஸ்ஃபீல்ட் போயிடறாங்க, மாயா தேடிப் போயி மீட்டுட்டு வர்றாங்க. இதெல்லாம் மனசுல இருந்தாதான் மூணாவது புத்தகத்துல அவங்க பையன விட்டு நகர்ற ஒவ்வொரு இடத்துலயும் என்ன பாடு படறாங்கன்னு புரியும்.

அவங்க கவிஞர்னுதான் கேள்விப்பட்டிருக்கேன், டான்ஸ் பாட்டெல்லாம் எப்போ?

கவிதைக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. நாம பாத்த மாயா 1993ல கிளின்டன் பதவியேற்புல கவிதை படிச்ச பெரியம்மா. ஆனா 1950கள்ல சான் ஃபிரான்சிஸ்கோல அவங்கள தெரிஞ்சவங்களுக்கு அவங்க ஆறடி உயரத்துல நிக்கற கிளப் பாடகி. ஆல்வின் எய்லி, பின்னாடி உலகப் புகழ் பெற்ற நடனக் குழு ஆரம்பிச்சாரே அவரே, அவரோட சேந்து 'ஆல் அண்ட் ரீட்டா'ன்னு ஜோடியா ஆடிருக்காங்க. நியூயார்க்குக்கு குடும்பத்தோட போயி, ட்ரினிடாட்ல பொறந்த பெர்ல் ப்ரைமஸ்கிட்ட ஆப்பிரிக்க நடனமும் கத்துக்கிட்டாங்க.

அதெல்லாம் ஆசைக்குப் படிச்ச படிப்பு. சோத்துக்கு வழி வேற, அது கீழ வருது.

மாயா ஏஞ்சலோங்கறது நிஜப் பேரா?

பொறந்தப்ப மார்கரீட் ஆனி ஜான்சன். மாயாங்கறது அண்ணன் பெய்லி சின்ன வயசுல கூப்பிட்ட பேரு, ஏஞ்சலோங்கறது முதல் கணவரோட ஏஞ்சலோஸ்ங்கற குடும்பப் பேர கொஞ்சம் மாத்தி வச்சது. மேடைக்கு எடுப்பா இருக்கணும்னு, அவங்க பாடின பர்ப்பிள் ஆனியன்ங்கற கிளப்காரங்களோட உக்காந்து முடிவு பண்ணது, அதுவே கடைசி வரைக்கும் நின்னுடுச்சு.

கணவர் வெள்ளைக்காரர்ன்றாங்களே, அந்தக் காலத்துல அது எப்படி நடந்துச்சு?

டாஷ் ஏஞ்சலோஸ், கிரேக்க வம்சாவளி, கடற்படைல இருந்து வந்தவர். மாயா அப்ப ஒரு ரெக்கார்டு கடைல வேலை பாத்துட்டு இருந்தாங்க, அவரு அங்க இசைத்தட்டு வாங்க வர்றவரு. கலிஃபோர்னியால வெள்ளை-கறுப்பு கல்யாணத்துக்கு இருந்த தடைய அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1948லதான் எடுத்துச்சு, நாடு முழுக்க அது செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது 1967ல. அதனால சட்டப்படி பிரச்சனை இல்ல, ஆனா தெருவுல பாக்கறவங்க பார்வைய எந்த கோர்ட்டும் மாத்தல, மாயாவோட அம்மா விவியனுக்கும் இந்தக் கல்யாணத்துல சுத்தமா இஷ்டமில்ல.

டாஷ் கெட்டவர் இல்ல, க்ளைட் மேல உண்மையாவே பிரியமா இருந்தாரு, பையனுக்கும் அப்பான்னு ஒருத்தர் கெடைச்ச சந்தோஷம். மாயா கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டதுல பாதி காரணமே அதுதான்னு எனக்குத் தோணும். ஆனா அவரு கடவுள் நம்பிக்கை இல்லாதவர், பாட்டி வீட்டுல சர்ச்சும் பாட்டுமா வளர்ந்த மாயா வீட்டுக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு சர்ச்சுக்குப் போறாங்க. தோழிங்க வீட்டுக்கு வர்றது கொஞ்சம் கொஞ்சமா நின்னு போகுது. கொஞ்ச வருஷத்துலயே கல்யாணம் முடிஞ்சுடுச்சு. அப்புறம் க்ளைட் கேக்கறது முக்கியம்: டாஷ் மேல பிரியம் போன மாதிரி என் மேலயும் உனக்குப் போயிடுமான்னு பயப்படறான். மேடைக் கதை தொடங்கறதுக்கு முன்னாடியே அந்தப் பயம் அந்த வீட்டுக்குள்ள வந்துடுச்சு.

நைட் கிளப்ல ஆடினாங்கன்னா... அது தப்பான இடமா?

கூச்சப்படாம சொல்றேன், அது ஆம்பளைங்க குடிச்சிட்டு பொண்ணுங்க உடைய அவுக்கற ஆட்டத்த பாக்க வர்ற இடம்தான். கூட இருந்த பொண்ணுங்க அந்த ஆட்டம் ஆடினவங்க, மாயா உடைய அவுக்க மாட்டேன்னு சொல்லி வெறும் டான்ஸ்க்கு சேந்தாங்க. பையனுக்கு சோறு போடணும், வாடகை கட்டணும், அதுக்கு அந்த ராத்திரி சம்பளம் கட்டுபடியாச்சு.

அந்த இடத்துல ஒரு வழக்கம் உண்டு. ஆடி முடிச்சதும் பொண்ணுங்க வாடிக்கையாளர்கிட்ட போயி உக்காந்து, எனக்கு ஒரு ட்ரிங்க் வாங்கிக் குடுங்கன்னு கேக்கணும், அவரு மதுவுக்குண்டான காசு குடுப்பாரு, பொண்ணு கிளாஸ்ல வர்றது ஜிஞ்சர் ஏல்ங்கற வெறும் இஞ்சி சோடா, அந்தக் காசுல ஒரு பங்கு பொண்ணுக்கு. மாயா என்ன பண்றாங்கன்னா உக்காந்த உடனே வந்தவர்கிட்ட உண்மைய சொல்லிடறாங்க: இது மது இல்ல, இதுல எனக்கு இவ்வளவு கமிஷன், காசுதான் செலவழிக்கப் போறீங்கன்னா ஒரு பாட்டில் ஷாம்பெய்ன் வாங்குங்க, அதையாவது நீங்க குடிக்கலாம். ஆளுங்களுக்கு அது பிடிச்சுப் போச்சு, மத்த பொண்ணுங்கள விட இவங்களுக்கு வருமானம் ஜாஸ்தியாச்சு, உடனே கூட இருந்தவங்களுக்கு இவ வேற ஏதோ பண்றான்னு சந்தேகம். புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கங்கள் இது. தொழில் எந்த சூதுல ஓடுதோ அந்த சூத வெளிப்படையா சொல்லியே பொழச்சிருக்காங்க.

கலிப்சோ பாடினாங்களே, அவங்க ட்ரினிடாட் காரங்களா?

இல்ல. கலிப்சோ ட்ரினிடாட்ல பொறந்த இசை, அமெரிக்கால 1950கள்ல அது மேல ஒரு பைத்தியம், ஹாரி பெலஃபான்டேயோட கலிப்சோ ஆல்பம் 1956ல வந்து பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. மாயாவுக்கு வாய்ப்பு அதுக்கு முன்னாடியே வந்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ நார்த் பீச் பகுதில பர்ப்பிள் ஆனியன்னு நெலவறைல ஒரு கிளப், அங்க பாடிட்டு இருந்த ஜோரி ரீமஸ் கிளம்பறாங்க, அந்த எடத்துக்கு ஆள் வேணும். மாயா முறையா பாட்டு படிச்சவங்க இல்ல. வரி மறந்துட்டா மறந்துட்டேன்னு கூட்டத்துகிட்டயே சொல்லிட்டு ஆட ஆரம்பிச்சுடுவாங்களாம். அவங்களே ஒரு கலிப்சோ ஆல்பமும் 1957ல போட்டாங்க, ஆனா அது இந்தப் புத்தகத்தோட காலத்துக்கு அப்புறம்.

போர்கி அண்ட் பெஸ்னா என்ன? அது வெள்ளைக்காரங்க எழுதினதுன்றாங்களே, அதுல ஏன் நடிச்சாங்க?

ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைச்சு 1935ல மேடையேறின ஆப்பரா, அதாவது பாட்டாவே நடக்கற நாடகம், தெக்கு கரோலினால சார்ல்ஸ்டன் பக்கம் ஒரு ஏழைக் கறுப்பினத் தெருவுல நடக்கற கதை. எழுதினவங்க இசையமைச்சவங்க எல்லாரும் வெள்ளைக்காரங்க, நடிக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினத்தவங்க. பிச்சைக்காரன், போதை விக்கறவன், சூதாட்டம், கொலை, இதத்தான் எங்க வாழ்க்கைன்னு காட்டணுமான்னு கறுப்பினத்தவங்களே கோபப்பட்டிருக்காங்க, அந்தக் கோபம் நியாயமானது.

ஆனா மாயாவோட இடத்துல இருந்து பாருங்க. முறைப்படி சங்கீதம் படிச்ச கறுப்பினப் பாடகருங்களுக்கு பெரிய ஆப்பரா மேடைங்கள்ல இடமே இல்லாத நேரம், மெட்ரோபாலிட்டன் ஆப்பரால மரியன் ஆண்டர்சன் முதல் கறுப்பினப் பாடகியா ஏறினதே 1955 ஜனவரிலதான். அப்பேர்ப்பட்ட குரல்கள் மொத்தமா ஒரு கம்பெனில கூடி நிக்கறத பாத்து மாயா ஆடிப் போயிட்டாங்க. பிராட்வேல ஹவுஸ் ஆஃப் ஃபிளவர்ஸ்ங்கற நாடகத்துலயும் அவங்களுக்கு இடம் கெடைச்சுது, அத விட்டுட்டு 1954ல இந்தக் கம்பெனியோட ஐரோப்பாவுக்குக் கிளம்பிட்டாங்க. ரூபிங்கற சின்ன வேஷம், அதோட ஆட்டம்.

அதாவது பையன விட்டுட்டு ஐரோப்பா போயிட்டாங்க! ஒரு அம்மா இப்படி செய்யலாமா?

எனக்கு வர்ற கேள்விகள்ல இதுதான் முதல் இடம், கேக்கறவங்க குரல்ல ஒரு கோபமும் இருக்கும். நடந்தத சொல்றேன். க்ளைட்டுக்கு அப்ப ஒம்பது வயசு. அவன அம்மா விவியன்கிட்டயும் வீட்டோட இருந்த லாட்டி அத்தைகிட்டயும் விட்டுட்டுப் போறாங்க. தெரு ஓரத்துல விடல, பாட்டி வீட்டுல விட்டாங்க. சம்பளத்துல பெரும்பங்க வீட்டுக்கு அனுப்பறாங்க, அது போதாதுன்னு பாரிஸ்ல நாடகம் முடிஞ்ச ராத்திரியே மார்ஸ் கிளப், ரோஸ் ரூஜ்னு போயி தனியா பாடி சம்பாதிக்கறாங்க.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் சொல்லி அவங்க தன்னை நியாயப்படுத்திக்கல, நான் அவங்கள மதிக்கறதே அங்கதான். எனக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சுன்னு சொல்றாங்க. பிள்ளைக்காகத்தான் போனேன்னு மட்டும் எழுதிட்டு போயிருக்கலாம், படிக்கற நாமளும் கண்ணீர் விட்டிருப்போம், அப்படி எழுதல. அதே நேரம் தன்னை மூணு வயசுல ரயில்ல ஏத்தி விட்ட அம்மா மேல இருந்த வலி (ரெண்டாவது கேள்வில சொன்னது) இப்ப தன் பிள்ளைக்கு தானே குடுக்கறோம்னு அவங்களுக்கு ஊருக்கு ஊர் உறைக்குது. வெனிஸ்ல சந்தோஷமா இருக்கற பக்கத்துலயே அந்தக் குத்தலும் இருக்கு. ஆசையும் உண்மை குற்ற உணர்ச்சியும் உண்மை, ரெண்டுல ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண மறைக்காம ரெண்டையும் ஒரே பக்கத்துல வச்சதுதான் இந்தப் புத்தகத்தோட பலம்னு நான் நெனைக்கறேன். செய்யலாமா கூடாதாங்கறதுக்கு ஆமா இல்லன்னு பதில் சொல்ல எனக்கு மனசு வரல, ஒம்பது வயசுப் பையனோட பக்கமும் அதுல இருக்கு, அது பதினோராவது பன்னெண்டாவது கேள்வில வருது.

அந்தப் பயணம் அமெரிக்க அரசாங்கம் அனுப்பினது தானே? அப்போ அது பிரச்சாரம் இல்லையா?

பிரச்சாரம்தான். பனிப்போர் நேரம், அமெரிக்கால கறுப்பினத்தவங்கள எப்படி நடத்தறாங்கன்னு சோவியத் பக்கம் உலகம் பூரா சொல்லிட்டு இருந்துச்சு, பாருங்க எங்க கறுப்பினக் கலைஞர்கள் எவ்வளவு உசரத்துல இருக்காங்கன்னு காட்ட வெளியுறவுத் துறை இந்தக் கம்பெனிக்கு ஆதரவு குடுத்துச்சு. பள்ளிக்கூடங்கள்ல நிறம் பாத்துப் பிரிக்கறது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1954 மே மாசம், இவங்க கிளம்பினதும் அதே வருஷம். ஊர்ல உக்கார இடம் குடுக்காதவங்க வெளியூர்ல பெருமைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு கம்பெனில இருந்தவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

யூகோஸ்லாவியால ஒரு இசைக்கருவிக் கடை காட்சி வரும். கறுப்பினத்தவங்கள நேர்ல பாத்தே இராத அந்த வீட்டுக்காரங்க, மாயாவ பாத்ததும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் பேரச் சொல்லி அவரு பாடின 'டீப் ரிவர்' பாட்டப் பாட ஆரம்பிச்சுடறாங்க. பால் ரோப்சனோட பாஸ்போர்ட்ட அமெரிக்க அரசாங்கம் 1950ல பறிச்சு வச்சிருந்துச்சு, 1958 வரைக்கும் திருப்பிக் குடுக்கல. அவரோட குரல் போன ஊருக்கு அவரு போக முடியாது, அவரோட பாஸ்போர்ட்டப் பறிச்ச அதே அரசாங்கத்தோட ஆதரவுல மாயா அங்க நின்னுட்டு அந்தப் பாட்ட கேக்கறாங்க. பிரச்சாரத்தப் பத்தி பக்கம் பக்கமா வாதாடறத விட இது பெருசா வேலை செய்யுது.

பையனுக்கு உடம்பு சரியில்லன்னு கடிதாசி வந்ததும் ஏன் உடனே கிளம்பல?

காசு. ரோம்ல இருக்கறப்ப வீட்டுல இருந்து கடிதாசி வருது, க்ளைட்டுக்குத் தோல்ல என்னமோ வந்து மருந்துக்குக் கேக்கல, விவியனும் லாஸ் வேகாஸ் பக்கம் வேலைக்குப் போகப் போறாங்க, இனிமே பாத்துக்க முடியாதுன்னு. மாயா கம்பெனிகிட்ட நான் போறேன்னு சொல்றாங்க. ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி போறதால தன்னோட டிக்கெட்டும் அவங்கதான் போடணும், அவங்களுக்கு பதிலா அமெரிக்கால இருந்து வர்ற ஆளோட பயணச் செலவும் அவங்க தலைலதான்.

அவ்வளவு பணத்துக்கு எங்க போறது, அதனால ரோம்ல பிரிக்டாப்ங்கற கறுப்பினப் பாடகியோட கிளப்ல ராத்திரி பாட்டு, பகல்ல டான்ஸ் சொல்லிக் குடுக்கறது, அப்புறம் கம்பெனி வேலையும், இப்படி சேத்து சேத்துதான் டிக்கெட். பிள்ளைகிட்ட போறதுக்கே மேடைல ஏறி சம்பாதிக்கணும். தொழிலா தாய்மையான்னு ரெண்டா பிரிச்சுக் கேக்கறவங்களுக்கு நான் எப்பவும் இந்த எடத்தத்தான் காட்டுவேன், அவங்க வாழ்க்கைல அது ரெண்டா பிரிஞ்சே இல்ல. நேப்பிள்ஸ்ல கப்பல் ஏறி நியூயார்க், அங்கருந்து ரயில்ல சான் ஃபிரான்சிஸ்கோ.

திரும்பி வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா?

இல்ல. பையன் உடம்பெல்லாம் தோல் வெடிச்சு உரிஞ்சு கெடக்கு, அம்மாவ கண்ணு மறைய விட மாட்டேங்கறான், பக்கத்து ரூமுக்குப் போனாக்கூட பயம். என்னாலதான் இப்படி ஆச்சுன்னு மாயாவுக்கு மனசு ஒடிஞ்சு போகுது, தன்னை முடிச்சுக்கலாமாங்கற எண்ணம் வரைக்கும் போயிடறாங்க. மனநல மருத்துவமனைக்கே போறாங்க, அங்க எதுக்கால உக்காந்திருக்கற வெள்ளைக்கார இளம் டாக்டர பாத்ததும் ஒரு கறுப்பினத் தாயோட பாரத்த இவருக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு தெரியாம எழுந்து வந்துடறாங்க.

நேரா போனது தன்னோட குரல் பயிற்சி ஆசிரியர் வில்க்கிகிட்ட. அவரு ஒரு மஞ்சத் தாள் நோட்டும் பேனாவும் குடுத்து, உனக்குக் கெடைச்ச நல்லதெல்லாம் எழுதுன்னு உக்கார வச்சாரு. முதல்ல எழுது, நான் சொல்றத உன்னால கேக்க முடியுது, காது கேக்காதவங்க எத்தனை பேரு, இந்தத் தாள பாக்க முடியுது, எழுதப் படிக்கத் தெரியுதுன்னு. அதுக்கப்புறம் எழுதின புத்தகங்களுக்கு அவங்க மஞ்சத் தாள்தான் வச்சுக்கிட்டாங்கன்னு பின்னாடி சொல்லிருக்காங்க. பையனும் மெதுவா தேறினான், அம்மா இனிமே போக மாட்டாங்கன்னு நம்பிக்கை வர வர தோலும் ஆறுச்சு. இந்தப் பக்கங்கள் படிக்கறப்ப உங்களுக்கே மனசு ரொம்ப பாரமா இருந்துச்சுன்னா தயவு செஞ்சு மூடி வச்சிட்டு நெருங்கின ஒருத்தர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ பேசுங்க, அப்புறம் படிச்சுக்கலாம்.

பையன் பேரு க்ளைட்டா கையா? ரெண்டும் படிச்சேன், குழப்பமா இருக்கு.

ஒரே ஆளுதான். கடைசில மாயாவுக்கு ஹவாய்ல பாட வாய்ப்பு வருது, இந்தத் தடவை பையனையும் கூட்டிட்டுப் போறாங்க. அந்தச் சமயத்துலதான் அவன் இனிமே என் பேரு கைன்னு அறிவிச்சுடறான், யாரு க்ளைட்னு கூப்பிட்டாலும் திரும்பறதில்ல, எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. பின்னாடி கை ஜான்சன்னு அதே பேர்ல கவிதையும் நாவலும் எழுதினாரு. அம்மா மேடைக்குப் பேர் மாத்திக்கிட்ட மாதிரி (நாலாவது கேள்வி) பையனும் தனக்கு வேண்டிய பேர தானே எடுத்துக்கிட்டான், அதுவரைக்கும் அவனுக்குன்னு எல்லாத்தையும் முடிவு பண்ணினது பெரியவங்கதான்.

அந்த விவியன் அம்மா நல்லவங்களா கெட்டவங்களா? தன் பிள்ளைங்கள அனுப்பிட்டு பேரன மட்டும் பாத்துக்கிட்டாங்களே?

விவியன் பாக்ஸ்டர சின்னக் குழந்தைங்களுக்குத் தாயா இருக்க வராத ஆனா வளர்ந்த பிள்ளைங்களுக்கு அருமையான தாய்னு மாயாவே பிற்காலத்துல சொல்லிருக்காங்க. 17 வயசுல கையில குழந்தையோட நின்ன மகள திட்டி ஒதுக்காம நின்னவங்க. அவங்களும் வேலை செஞ்சு பொழைக்கற பொண்ணு, அதான் க்ளைட் விஷயத்துலயும் ஒரு கட்டத்துல வேலைக்குப் போகணும்னு கடிதாசி போட வேண்டியதாச்சு. மாயாவோட கடைசி புத்தகம் முழுக்க இந்த அம்மா பத்தித்தான், மூணாவது படிச்சு விவியன் மேல கோபம் வந்தவங்க அத அவசியம் படிங்க.

இவ்வளவு பழைய பேச்சுவார்த்தையெல்லாம் வார்த்தை மாறாம எப்படி ஞாபகம் இருக்கும்? கட்டுக்கதை கலந்திருக்குமோ?

வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்க வாய்ப்பில்ல, அவங்களும் அப்படி சாதிக்கல. நாவல் எழுதற மாதிரி காட்சி வச்சு, பேச்சு வச்சு, சில இடத்துல சுருக்கி எழுதறதுதான் அவங்க முறை. ரேண்டம் ஹவுஸ் எடிட்டர் ராபர்ட் லூமிஸ் முதல் புத்தகத்துக்கு அவங்கள சம்மதிக்க வச்சதே, சுயசரிதைய இலக்கியமா எழுதறது கிட்டத்தட்ட முடியாத காரியம்னு சவால் விட்டுத்தான்.

இன்னொண்ணு, அவங்களுக்கு முன்னாடியும் கறுப்பின மேடைப் பெண்கள் வாழ்க்கை வரலாறு வந்திருக்கு, ஈதல் வாட்டர்ஸ் 1951ல, பில்லி ஹாலிடே 1956ல. ஆனா அதெல்லாம் கூட ஒரு எழுத்தாளர் உக்காந்து எழுதினது. மாயா ஒவ்வொரு வரியும் தன் கையால எழுதினவங்க, அதனால பேச்சு நடை, பாட்டோட தாளம் எல்லாம் அவங்களோடதாவே இருக்கு.

ஐரோப்பா பாகம் கொஞ்சம் இழுவையா இருக்கே, தாண்டிப் போகலாமா?

இழுவைதான், ஒத்துக்கறேன். ஊரு மாறுது ஹோட்டல் மாறுது, கம்பெனி ஆளுங்க சண்டை, காதல்னு போயிட்டே இருக்கும். ஆனா ரெண்டு இடத்த விட்டுடாதீங்க. ஒண்ணு நான் மேல சொன்ன யூகோஸ்லாவியா கடை. இன்னொண்ணு மொராக்கோ, அங்க நாடகமா போடாம கச்சேரியா பாடறாங்க, மத்தவங்க எல்லாம் படிச்ச ஆப்பரா பாட்டு பாட, இவங்களுக்கு அதெல்லாம் தெரியாது, பாட்டியோட சர்ச்சுல கேட்டு வளர்ந்த ஒரு பாட்ட பக்கவாத்தியம் இல்லாம பாடறாங்க. கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்குது. மொழி தெரியாத ஊர்ல போயி நிக்குது ஸ்டாம்ப்ஸ் கிராமத்துப் பாட்டு.

இதே வேலைய ஒரு அப்பா பண்ணிருந்தா யாராவது கேட்டிருப்பாங்களா?

மாட்டாங்க. புத்தகத்துலயே பாருங்க, க்ளைட்டோட அப்பா இந்தக் கதைல ஆளே இல்ல, அவரு எங்கன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மாயாவோட அப்பா பெய்லி ஜான்சனும் பிள்ளைங்கள ரயில்ல ஏத்தி தன் அம்மாகிட்ட அனுப்பினவருதான், ஆனா கேள்வி எப்பவும் விவியன் மேலதான் வருது. டாஷ் போனாரு, அதுக்கு பேரு விவாகரத்து.

இதச் சொல்றதால பையன் பட்டது கொறஞ்சுடாது. ஒம்பதாவது பதில்ல நான் தீர்ப்பு சொல்லாம விட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்: கேள்விய அந்த வீட்டுல எல்லாருக்கும் சமமா கேக்கறதா இருந்தா மாயாகிட்டயும் கேளுங்க, அவங்க கிட்ட மட்டும்னா நான் கூட நிக்க மாட்டேன்.

இதுக்கப்புறம் பையன விட்டுட்டு போகவே இல்லையா?

கொஞ்ச நாளைக்குப் போயிருக்காங்க, சும்மாவும் போகல. நாலாவது புத்தகத்துல, 1981ல வந்தது, அவங்க சிகாகோல பாடப் போனப்ப புரூக்ளின்ல இருந்த கைக்கு ஒரு ரவுடிக் கும்பலால மிரட்டல் வருது, மாயா ஓடி வந்து ஒரு துப்பாக்கிய இரவல் வாங்கிட்டு அந்தக் கும்பலோட தலைவனத் தேடிப் போயி நேருக்கு நேர் பேசிட்டு வர்றாங்க. பின்னாடி கெய்ரோ, கானான்னு ரெண்டு பேருமே சேந்து போனாங்க. கானால 1962ல கைக்குப் பெரிய கார் விபத்து, கழுத்து எலும்பு முறிஞ்சு மாசக்கணக்குல ஆஸ்பத்திரி, மாயா அங்கயே தங்கிட்டாங்க. கை தேறி பல்கலைக்கழக விடுதிக்குப் போனதும், இனிமே வறுத்த கோழியோட நெஞ்சுப் பகுதி மொத்தத்தையும் நானே சாப்பிடலாம்னு நெனைக்கறாங்க, நாலாவது புத்தகம் அந்த வரியிலதான் முடியுது. 17 வருஷம் நல்ல துண்ட பிள்ளை தட்டுல வச்ச எந்த அம்மாவுக்கும் அது புரியும்.

காலேஜ் போற என் பொண்ணுக்கு வாங்கிக் குடுக்கலாமா?

தாராளமா. மூணாவதுல கிளப், குடி, காதல் எல்லாம் இருக்கு, கொச்சையா இருக்காது. முதல் புத்தகத்துல எட்டு வயசுக் குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை வருது, அதையும் சேத்துக் குடுக்கறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டுக் குடுங்க, முடிஞ்சா நீங்களும் கூடவே படிங்க. இங்கிலீஷ் பெருசா கஷ்டம் இல்ல, சின்னச் சின்ன அத்தியாயம், பேசற மாதிரி நடை.